பன்னிரண்டிலிருந்து நாற்பதுக்கு

ஆடி பிறந்து நாலாம் நாள், பணகுடிக்கு மேற்கே
பதினேழாம் நம்பர் காற்றாலை
பன்னிரண்டு டிகிரியிலிருந்து நாற்பதுக்கு
இறக்கையைச் சாய்த்துக் காற்றை விட்டுவிட வேண்டும்.
விடவில்லை.
நாற்பதிலிருந்து பன்னிரண்டுக்கு என்று புரிந்துகொண்டு,
பன்னிரண்டில்தானே நிற்கிறேன் என்று நின்றுவிட்டது,
கணவாய்க் காற்று மொத்தத்தையும் நெஞ்சில் வாங்கி.

திருப்பு, அடைப்புக்குறி, ஓர் எண், காற்புள்ளி, இன்னோர் எண், அடைப்புக்குறி.
மொழியை அப்படித்தான் செய்து கொடுத்திருந்தோம்.
எது முன்னால், எது பின்னால் என்பதை
ராத்திரி ரெண்டு மணிக்கும் ஒருவர் நினைவில் வைத்திருப்பார்
என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

சேர்மதுரை போனில் கத்தினார், பாதியைக் காற்று தின்றது:
"ரெண்டும் நம்பர்தானவே.
எந்த நம்பர் எதுக்குன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?"

உரக்கடை மாடியில், யூரியா வாசத்தில்,
அந்தக் கேள்வியோடு விடிய விடியக் கிடந்தோம்.
மூணாவது டீக்கு உதுமான் சொன்னான்:
"நெத்தியில வேண்டாம். வால்ல எழுதுவோம்."

இறக்கையை. பன்னிரண்டிலிருந்து. நாற்பதுக்கு. திருப்பு.

ஐயும் குவ்வும் ஒட்டியதும்
எண்களுக்குத் தம் வேலை தெரிந்துவிட்டது.
நாற்பதுக்கு முன்னால் வரட்டும், இறக்கையை நடுவில் கிடக்கட்டும்,
அதே இறக்கை, அதே திசை.
காற்புள்ளி கழன்று விழுந்தது. பின்னாலேயே அடைப்புக்குறிகள்.

'இறக்கையைத் திருப்பு' என்று த் போடாவிட்டால்?
பிழை என்று கத்தட்டும் என்றேன்.
"ஒற்று விட்டதுக்கு அடிக்கிற மிஷின
எட்டாங்கிளாஸ்லயே பாத்தாச்சு" என்றான்.
விட்டுவிட்டோம்.

யாரிடம் சொல்கிறோம் என்பது அடுத்த வழக்கு.
ஊரெல்லாம் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து ஏவுகிறது.
எங்கள் எழுத்தில் புள்ளி உயிரை எடுப்பது,
அதை வைத்தா ஒன்றைக் கூப்பிடுவது?
விளிக்கு எது உண்டோ அதுவே போதும்:
பதினேழே.
பதினேழு மட்டுமே என்கிற ஏகாரமா இது என்று கேட்டால்,
வரியின் தலையில் வந்தால் விளி. சட்டம் முடிந்தது.

முடியவில்லை.
பிடி என்று ஒரு சொல் குறுக்கே படுத்தது.
பிரேக்கின் பிடியா, பிடி என்கிற ஏவலா?
வெறும் அடைப்புக்குறி இருந்தவரை
அந்தக் காலி வாய்தான் ஏவலுக்கு அடையாளம்.
கழற்றி எறிந்த ஒன்றுக்காக
ரெண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் வள்ளியூர் பஸ்ஸில், நின்றுகொண்டே வரும்போது,
கண்டக்டர் "பிடிச்சு நில்லுங்க" என்றதும் வந்தது:
பிடி என்றால் உடனே பிடிக்கும்.
பிடித்தல் என்றால் பிடிக்காது,
கையில் கொடுத்து வைக்கலாம்.
பதினெட்டே, பிடித்தலை வைத்துக்கொள்.
காற்று மீறும்போது அதுவே தனக்குச் சொல்லிக்கொள்ளும்.
தொழிலுக்குப் பெயர் வைத்தவனுக்கு
அந்தக் கூட்டத்தில் நின்றபடி ஒரு கும்பிடு போட்டேன்,
போட்ட கையால் கம்பியை விட்டு விழப்பார்த்தேன்.

ஆவணி முதல் வாரம், நொடிக்கு இருபத்துநாலு மீட்டர் காற்று.
காலையில் பதிவேட்டைத் திறந்தோம். மணி இரண்டு பத்து,
சேர்மதுரை அடித்த ஒற்றை வரி:

பதினேழே நாப்பதுக்கு திருப்புடே

எதை என்று சொல்லவில்லை. திருப்ப அதனிடம் இருப்பது இறக்கைதான்.
எங்கிருந்து என்று சொல்லவில்லை. நிற்கிற இடத்திலிருந்து
என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.
நாப்பதை நாற்பதாக்க உதுமான் என்றோ எனக்குச் சொல்லாமல்
ஒரு வரி சேர்த்திருந்தான்.
'டே' மட்டும் என்னவென்று தெரியாமல்
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு,
திரும்பியிருக்கிறது.

அந்த டேயை என்ன செய்ய என்று
இன்னும் முடிவாகவில்லை.